எங்கிருந்தாலும் வரவும்

கீழமருதங்குடிப் பண்ணை வீட்டின் பின்பக்கம் வண்டி வந்து நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கிக் குழாய்களையும் வண்டிக்காரர் இறக்கட்டும் என்று விட்டுவிட்டு, ரெக்கார்டுப் பெட்டியை மட்டும் அமலி தானே இறக்கினாள். பலா மரத்தில் செய்த பெட்டி. உள்ளே நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. இடுப்பில் ஏற்றி, ஒரு கையை அடியில் கொடுத்து, மாட்டு வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் அதுதான். வீட்டுக்குள் போக வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அது 1971 வைகாசி. மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. வந்த வழியெல்லாம் வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. உளுந்து பிடுங்கிய வயல்களில் ஆடுகள் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தன.

பண்ணையார் இளையபெருமாளின் மகளுக்கு அன்று கல்யாணம். போன தேர்தலுக்குச் சற்று முன்பு அவர் ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தார். அதனால் சீர்திருத்தத் திருமணம். புரோகிதர் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து கட்சிப் பேச்சாளர் ஒருவர் வந்து, வெள்ளிக்கிழமை இராகு காலத்தில், வேண்டுமென்றே அந்த நேரத்தில், மாலை எடுத்துக் கொடுக்கப் போகிறார். பேச்சு என்றால் மைக் வேண்டும். கும்பகோணத்தில் இல்லாத மைக் செட்டா? ஆனாலும் பண்ணையார் அமலியைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நில உச்சவரம்பு விசாரணை நடந்துகொண்டிருந்தது. சேரித் தெருவில் இன்னும் செங்கொடி பறந்துகொண்டிருந்தது. சங்கத்துச் சிங்கராயர் பெண்டாட்டியே என் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டாள் என்று நாலு பேர் பார்க்க வேண்டும்.

அமலி ஒப்புக்கொண்டதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. அவள் புருஷன் சிங்கராயர் காணாமல் போனது இந்தப் பண்ணையின் வாய்க்கால் கரையில்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தை அறுவடையில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் பண்ணையாட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சிங்கராயர் சங்கக் கூட்டங்களுக்குச் சும்மாவே குழாய் கட்டினான். கட்டியதோடு நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் பாட்டை நிறுத்திவிட்டு, எந்தப் பண்ணையில் எத்தனை வெளியாட்கள் இறங்கினார்கள் என்று பெயர் சொல்லி வாசித்தான். அவன் குரல் மூன்று ஊருக்குக் கேட்கும். ஒருநாள் கூட்டம் முடிந்து சைக்கிளில் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் வாய்க்கால் கரையில் சாய்ந்து கிடந்தது. அவன் மைக் அவனோடு போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரை யாரிடம் வேண்டுமானாலும் விட்டுவிட்டு வருவான், மைக்கை மட்டும் துணியில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் வருவான்.

செத்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இருக்கிறான் என்று சொன்னவர்கள், கூடவே பம்பாயையும் ஒரு பெண்ணையும் சேர்த்துச் சொன்னார்கள். போலீசார் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். மாதா கோயில் சாமியாரிடம் போனாள். "உடம்பு இல்லாம எப்படிம்மா அடக்கப் பூசை வைக்கிறது? எந்த நிமிஷமும் வந்து நிப்பான், ஜெபம் பண்ணு" என்றார். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது அமலிக்கு ஏற்ற ஒரு மண்மேடு இல்லை. தாலி கழுத்தில் இருந்தது. ஆனால் நல்லது கெட்டதுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சுமங்கலி வரிசையில் நிறுத்தவும் முடியாது, விதவை வரிசையில் நிறுத்தவும் முடியாது. வாரம் ஒருமுறை வாசலில் வந்து நின்று, "அண்ணனப் பத்தித் தகவல் உண்டா அண்ணி?" என்று கேட்ட ஒரே ஆள் அவளுடைய சேரித் தெருவிலேயே இருந்த வீரையன். சிங்கராயருக்குக் கூட்டாளி. சில நாள் ஒரு கட்டு விறகும் போட்டுவிட்டுப் போவான்.

மிச்சம் இருந்தது ரெக்கார்டுகள். பிள்ளை இல்லாத வீட்டில் அவைதான் வளர்ந்துகொண்டே வந்தன. கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் ஒன்றொன்றாகத் தேடி வாங்கியவை. சிங்கராயருக்கு எழுத்து சரியாக வராது. மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்த அமலிதான் ஒவ்வொரு உறையின் முதுகிலும் ஊதா மையில் எழுதி வைத்தாள். முதன்முதலில் எந்த ஊரில் ஓடியது, யார் வீட்டு விசேஷம், அன்று என்ன நடந்தது. இரண்டு வருஷமாக அவள் அவற்றை ஓடவிட்டதே இல்லை. மத்தியானங்களில் பெட்டியைத் திறந்து, உறைகளை மட்டும் வாசிப்பாள். வாசித்துவிட்டு மூடுவாள்.

"வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு காரியக்காரர் செல்லதுரை வந்தார். பண்ணையின் சாகுபடி, ஆள் அம்பு எல்லாம் அவர் கையில். அமலியின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். "சங்கப் பாட்டு கிங்கப் பாட்டெல்லாம் ஓடக் கூடாது. தெரியுதா?"

"எங்கிட்ட இருக்கறது எல்லாம் கல்யாணப் பாட்டுதாங்க."

"குழாய ரெண்டையும் பந்தல் பக்கமே திருப்பு. இந்தப் பக்கம் வேண்டாம்."

இந்தப் பக்கம் என்று அவர் காட்டியது களத்துமேடு. கொட்டகையிலிருந்து நூறடியில் பெரிய வைக்கோல் போர் ஒன்று நின்றது. மேலே புது வைக்கோல் பொன் நிறத்தில் இருந்தது. அடியில் ஒரு ஆள் உயரத்துக்குப் பழைய வைக்கோல் மக்கிக் கறுத்துப்போய், யாரும் பிடுங்காமல் அப்படியே கிடந்தது.

நாகூரிலிருந்து முகம்மது யூசுப் வந்து சேர்ந்தார். அவரும் மைக் செட் வைத்திருப்பவர். தர்காவின் கந்தூரி நாட்களில் சிங்கராயரும் அவரும் சேர்ந்து குழாய் கட்டியதுண்டு. அமலிக்குத் துணையாக, தன்னுடைய மைக்கையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளிய மரத்தில் ஏறினார்.

"எந்தப் பக்கம் திருப்பட்டும் தங்கச்சி?"

"ஒன்னு பந்தலுக்கு, பாய்." அமலி வைக்கோல் போரைப் பார்த்தாள். "இன்னொன்னு களத்துப் பக்கம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை.

முதல் தட்டை எடுத்தாள். உறையில் எழுதியிருந்தது: 'திருக்காட்டுப்பள்ளி. ரெங்கம்மாள் மகள் சடங்கு. மழையில் குழாய் நனைந்து பாட்டு கரகரத்தது. இவர் குடையோடு மரத்தில் உட்கார்ந்திருந்தார்.' தட்டைத் துணியால் துடைத்து, வட்டில் வைத்து, ஊசியை இறக்கினாள். நாதஸ்வரம் புளிய மரத்திலிருந்து கிளம்பி வயல்வெளியெல்லாம் பரவியது. பந்தலில் யாரோ கை தட்டினார்கள். அமலிக்கு அந்தக் குடையும் மழையும் மரத்தின் மேல் தொங்கிய இரண்டு கால்களும் கண் முன்னால் வந்து நின்றன.

வாசிப்பு முடிந்தது. ஊசி கடைசி வளையத்தில் சும்மா சுற்றியது. கர்... கர்... என்ற அந்த வெற்று ஓசைக்குள் யாரோ மைக்கில் வாய் வைத்து ஊதினார்கள்.

ஃபூ.

அமலி நிமிர்ந்து பார்த்தாள். "பாய், மைக்க இப்பவே கொடுத்துட்டீங்களா?"

மரத்தின் மேலிருந்து பதில் வந்தது. "மைக்க நான் இன்னும் வெளிய எடுக்கவே இல்லையே. பையிலதான் இருக்கு."

பை கொட்டகைத் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் கட்டியபடியே.

அவள் இரண்டாவது தட்டைப் போட்டாள். நாகூர் கந்தூரியில் யூசுப் பரிசாகக் கொடுத்த தட்டு அது. அதைக் கேட்டு யூசுப் மரத்தில் இருந்தபடியே சிரித்தார். பாட்டு நல்லபடியாக ஓடியது. முடிந்ததும் மறுபடியும் அந்தக் கர் கர் ஓசை. அதற்குள் ஒரு இருமல். இரண்டு முறை இருமி, மூன்றாவதை அடக்கிக்கொள்ளும் இருமல்.

அந்த இருமலைப் பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவள்.

அமலியின் கை ஊசிக் கம்பியைத் தொட்டபடி நின்றது. கொட்டகைக்குள் திடீரென்று மண் வாசனை எழுந்தது. மழை பெய்த மண்ணின் வாசனை இல்லை. தோண்டிப் போட்ட, வெயிலே படாத மண்ணின் குளிர்ந்த வாசனை. வெளியே ஆகாயம் வெளுத்துக் கிடந்தது.

யூசுப் இறங்கி வந்து கொட்டகை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"தங்கச்சி," குரலைத் தாழ்த்தினார். "இப்ப இருமினது..."

"உங்களுக்கும் கேட்டுச்சா பாய்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "செட்டக் கழட்டிட்டு போயிருவோமா?" என்றார்.

அமலி இரண்டு வருஷமாக ஒரு ஓசைக்காகக் காத்திருந்தவள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் ஓசை, கதவுத் தாழ்ப்பாள் ஓசை, எதுவாக இருந்தாலும் சரி என்று இருந்தவள். பயமாக இருந்தது. ஆனாலும் கை மூன்றாவது தட்டைத் தேடியது.

"வேண்டாம் தங்கச்சி."

அவள் ஊசியை இறக்கினாள்.

அவர்களுடைய கல்யாணத்துக்கு ஓடிய தட்டு அது. அன்று மாப்பிள்ளையே எழுந்து போய் மைக்கைச் சரிபார்த்தான். எல்லோரும் ஹலோ சொல்வார்கள், ஒன்று இரண்டு எண்ணுவார்கள். அவன் புதுப் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிச் சரிபார்த்தான். ஊரே சிரித்தது. அமலிக்கு மானம் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு அவள் திட்டித் திட்டி அந்தப் பழக்கத்தை நிறுத்தினாள்.

தட்டு முடிந்தது. வெற்று வளையத்தில் ஊசி சுற்றியது.

ஃபூ... ஃபூ...

"அமலி," என்றது குழாய்க்குள் ஒரு குரல். மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி. "அமலி. அமலி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பந்தலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. மேளக்காரர்கள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பேச்சாளரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கறுப்புச் சிவப்புத் துண்டுகள் எழுந்து நின்று கோஷம் போட்டன. செல்லதுரை ஓடிவந்து மைக் எங்கே என்று அதட்டினார். யூசுப் பையை அவிழ்த்துத் தன் மைக்கை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அமலி தட்டை நிறுத்தி, ஊசியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டிருந்தாள். வட்டு சுற்றவில்லை.

மணி பதினொன்று இருக்கும். பேச்சாளர் மாலையை எடுத்துக் கொடுத்தார். மூடப் பழக்கத்தை ஒழிப்பது பற்றியும், பண்ணையாரின் பெரிய மனசு பற்றியும் பேசினார். "இதே ஊரிலே உழைப்பவனுக்கும் நிலமுடையவனுக்கும் பகை இருந்ததென்று சிலர் சொல்லித் திரிந்தார்கள்" என்று அவர் குரலை உயர்த்தியபோது மைக் செத்துப்போனது.

அவர் மைக்கைத் தட்டினார். ஓசை இல்லை.

புளிய மரத்துக் குழாய்கள் இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டன.

"பொதுமக்கள் கவனத்திற்கு."

மேளம் நின்றது. திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் சொல்கிற அதே நிதானம், அதே மரியாதை. ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொல்லும் அந்தக் குரலை அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

"காரியக்காரர் செல்லதுரை அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வைக்கோல் போருக்கு வரவும்."

யாரோ ஒருவர் சிரித்தார். "மாட்டுக்கு வைக்கல் போடலியாம் போல." இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

செல்லதுரை சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். கிண்ணம் கையிலிருந்து நழுவிக் கவிழ்ந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. பந்தலை விட்டு இறங்கி, வீட்டைச் சுற்றி, கொட்டகையைக் கடந்து களத்துமேட்டுக்கு நடந்தார். கண்கள் திறந்திருந்தன. கால்கள் மட்டும் வேறு யாருடையவோ போல அவருக்கு முன்னால் போயின.

அமலி பார்த்துக்கொண்டே இருந்தாள். போரின் அடியில் போய் மண்டியிட்டார். கறுத்த வைக்கோலைக் கை கையாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சேரித் தெரு வீரையன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வைக்கோல் போருக்கு வரவும்."

அமலி அதை நம்பவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். வேலிக்கு வெளியே, வேடிக்கை பார்க்க வந்த சேரி ஜனங்களுக்கு நடுவில் வீரையன் நின்றிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். அவன் வேலியைத் தாண்டவில்லை. கருவை முள் சட்டையையும் சதையையும் கிழிக்க, அதன் ஊடாகவே நடந்து வந்தான். கொட்டகையைக் கடக்கும்போது அமலியைப் பார்த்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். கால்கள் நிற்கவில்லை.

"மிராசுதார் இளையபெருமாள் அவர்கள்..."

"நிறுத்துடி!"

இளையபெருமாள் பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க வீட்டைச் சுற்றி ஓடிவந்தார். கொட்டகைக்குள் நுழைந்து ஆம்ப்ளிஃபயரை ஒரே உதையில் கவிழ்த்தார். வயர்களைப் பற்றி இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அவர் கையில் செத்த பாம்பு போலத் தொங்கியது.

"பாருங்கய்யா," என்றாள் அமலி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தட்டு சுத்தல. ஊசி மேல இருக்கு. நான் என்னத்த நிறுத்தறது?"

அவர் தட்டைப் பார்த்தார். கையிலிருந்த வயரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"...எங்கிருந்தாலும் உடனடியாக வைக்கோல் போருக்கு வரவும்."

கொட்டகைத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். விரல் நகங்கள் மரத்தில் பதிந்தன. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு முதலில் அவருடைய வலது கால் நகர்ந்தது. அடுத்து இடது கால். கைகள் தூணிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரிந்தன. அவர் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கத்திக்கொண்டே போய், செல்லதுரைக்கும் வீரையனுக்கும் நடுவில் மண்டியிட்டார்.

மூன்று பேரும் வெறும் கையால் தோண்டினார்கள்.

கல்யாணக் கூட்டம் முழுவதும் களத்தைச் சுற்றி வந்து நின்றது. கட்சிப் பேச்சாளரும் நின்றார், கழுத்தில் மாலையோடு மணப்பெண்ணும் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. வைக்கோல் போய், மக்கல் போய், மண் வந்தது. கொட்டகையில் அமலி முகர்ந்த அதே குளிர்ந்த வாசனை எழுந்து எல்லோருடைய மூக்கிலும் ஏறியது. சிலர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

முழங்கால் ஆழத்தில் சிங்கராயரின் காக்கிச் சட்டை தெரிந்தது.

யூசுப் அமலியின் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார். "பார்க்காத தங்கச்சி." அவள் அவரைத் தள்ளவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். எலும்பும் துணியுமாகக் கிடந்தான். கழுத்தில், அவள் நூல் கோத்துப் போட்ட உத்தரியம், மாதா படம் தைத்த சின்னத் துணி. வலது கை நெஞ்சுக்கு மேலே மடங்கி, வாய்க்கு அருகில் இருந்தது. அந்தக் கையைச் சுற்றி வயர். வயரின் நுனியில், துரு ஏறிய மைக்.

அதை அவன் விடவே இல்லை. மண்ணுக்கு அடியிலும்.

குழாய்கள் நிசப்தமாகிவிட்டன. வயலில் காற்றுகூட அசையவில்லை. தோண்டியவர்களின் கைகளும் நின்றன. செல்லதுரை தன் ரத்தம் வழியும் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமலி வீரையனின் பக்கத்தில் குந்தினாள்.

"நீயுமா வீரையா?"

அவன் தலை தூக்கவில்லை. "அன்னிக்கி நாந்தான் அண்ணி கூப்புட்டேன். பண்ணையில பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்றாங்கன்னு சொன்னேன். என்னய நம்பி வந்தாரு. மிரட்டி அனுப்புவாங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா அதுதான் நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "இன்னிக்கி அவரு கூப்புட்டாரு. வராம இருக்க முடியல அண்ணி."

"வாரா வாரம் வந்து தகவல் கேட்டியே."

"கேக்காம இருக்கவும் முடியல."

அவள் எழுந்து நின்றாள். அடிக்க வேண்டும் போல இருந்தது. சிங்கராயரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லா வழக்கிலும் நடப்பவை. செல்லதுரையும் வீரையனும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இளையபெருமாள் ஜாமீனில் வெளியே வந்து, தஞ்சாவூரில் வக்கீல் வைத்து வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் கால்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை என்று சொன்னார்கள். இரண்டு ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் கோர்ட் படி ஏறினார்கள். குழாயில் கேட்டது யார் குரல் என்று எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. யாரோ மைக்கில் பேசியதாக மட்டும் எழுதிக்கொண்டார்கள். மைக்கைச் சாட்சிப் பொருளாக அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள்.

சாமியார் அடக்கப் பூசை வைத்தார். மணி அடித்தது. சேரித் தெரு முழுவதும் நடந்து வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த நாளில் சிங்கராயரைக் கோயில் கல்லறையில் இறக்கினார்கள். அமலி தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். ஊரில் அவளுக்கு இப்போது ஒரு வரிசை கிடைத்தது. பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், பத்து நாள் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்தார்கள். பதினோராவது நாள் அவரவர் நடவு வேலைக்குப் போய்விட்டார்கள்.

வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது. முன்பு ஒரு காத்திருப்பாவது கூட இருந்தது.

யூசுப் உடைந்த ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்க்க நாகூருக்கு எடுத்துப் போனார். அதற்குப் பதில் பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டு பிளேயர் ஒன்றை விட்டுப் போனார். "பாட்டுக் கேளு தங்கச்சி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார்.

அவள் பாட்டுக்காகக் கேட்கவில்லை. பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு மத்தியானமும் மூன்று நான்கு தட்டுகள். உறையை வாசிப்பாள், ஊசியை இறக்குவாள், கடைசி வளையம் வந்ததும் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டத்தில் கொண்டுபோவாள். கர்... கர்... அவ்வளவுதான். அவனுடைய மூச்சு இல்லை. இருமல் இல்லை. ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது. நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளும் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தன. எல்லாவற்றிலும் பாட்டு மட்டுமே இருந்தது. அவனை மண்ணுக்குக் கொடுத்தபோது குரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தாள். நினைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். கூரை முனையிலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த தட்டைப் போட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது. ஊசி சுற்றியது.

மூச்சு.

அமலியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. ஓடிவந்து பிளேயருக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஏங்க," என்றாள்.

மூச்சு நின்றது. மறுபடியும் வந்தது. கிட்டத்தில், அவசரமாக, பழக்கம் இல்லாமல்.

சிங்கராயர் இப்படி மூச்சு விட மாட்டான். மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் வாயை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இது தெரியாத யாரோ.

பேட்டரியைப் பார்த்தாள். காலையில் அதைக் கழற்றித் துடைத்து, அலமாரியில் வைத்தது நினைவுக்கு வந்தது. அலமாரியில்தான் இருந்தது. வட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடிவிட வேண்டும் என்று உடம்பு சொன்னது. எங்கே ஓடுவது? வெளியே மழை. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

கர்... கர்...

அந்த ஓசைக்கு அடியிலிருந்து, தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல, ஒரு பெண் குரல் வந்தது. பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும். அமலி இதற்கு முன்பு கேட்டே இராத குரல். கூச்சத்தோடு, தயங்கித் தயங்கிக் கேட்டது.

"கேக்குதா...?"

இவளையும் எங்கோ யாரும் இன்னும் தோண்டி எடுக்கவில்லை என்று அமலிக்குப் புரிந்தது.

"அக்கா... கேக்குதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளேயரைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, சுற்றுகிற தட்டுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"கேக்குது," என்றாள். "பேரச் சொல்லும்மா."